ஆய்வகத்தில் வளரும் நுரையீரல்: சாயல்குடி முதல் தொண்டி வரை என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்

சாயல்குடிக்குத் தெற்கே ஒரு பனங்காட்டு ஊர் என்னுடையது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செவிலியராக இருக்கிறேன். அதில் பெரும்பகுதி மூச்சிரைப்போடு வருகிறவர்களின் கட்டிலருகிலேயே கழிந்தது. சில மாதங்களாகக் கைப்பேசிகளில் ஒரு சிறு வீடியோ சுற்றுகிறது. கண்ணாடிக் குடுவைக்குள் இளஞ்சிவப்பாக ஒரு நுரையீரல்; ஊதுகிறது, அடங்குகிறது. ‘ஸ்டெம் செல்லில் வளர்த்த நுரையீரல் வந்துவிட்டது, இனி இரைப்பு நோயே கிடையாது’ என்று ஒரு குரல் சொல்கிறது. அன்று முதல் மூக்கையூரில் வலை பின்னுகிற இடத்திலும், ஏர்வாடி பஸ் நிறுத்தத்திலும், தொண்டியில் ஒரு கல்யாண வீட்டிலும் என்னை நிறுத்திக் கேட்கிறார்கள். நின்றபடியே அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே உட்கார்ந்து முழுமையாக எழுதுகிறேன்.

குடுவைக்குள் நுரையீரல் ஊதி அடங்குகிறதே, அது உண்மையா?

அப்படிப்பட்ட நுரையீரல்கள் உண்மையாகவே ஆய்வகங்களில் இருக்கின்றன. ஆனால் அவை எந்த மனிதருடைய மார்புக்குள்ளும் மூச்சு விடவில்லை.

எப்படிச் செய்கிறார்கள் என்பதை நம் கடலை வைத்தே சொல்லலாம். மண்டபம் பக்கம் கரை ஒதுங்கும் வெள்ளைப் பவளத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பீர்கள். உயிர் போய்விட்டது, ஆனால் அந்த உயிர் கட்டி வைத்த துளைகளும் கிளைகளும் அச்சு மாறாமல் இருக்கின்றன. அதேபோல ஒரு விலங்கின் நுரையீரலை எடுத்துச் சோப்பு போன்ற கரைசலை அதன் ரத்தக் குழாய்கள் வழியே பாய்ச்சி, உயிரணுக்களை எல்லாம் கழுவி வெளியேற்றுகிறார்கள். மிஞ்சுவது புரத இழைகளால் ஆன வெளிறிய ஒரு கூடு. அதில் புதிய உயிரணுக்களை விதைத்து, சத்து நீர் ஓடும் குடுவையில் வைத்து, காற்றை ஏற்றி இறக்கி வளர்க்கிறார்கள்.

2010-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லாரா நிக்லசன் குழுவும், பாஸ்டனில் ஹரால்ட் ஆட் குழுவும் இப்படி எலி நுரையீரலை உருவாக்கி எலிகளுக்குப் பொருத்தினார்கள். ஆக்சிஜன் ரத்தத்தில் சேர்ந்தது. ஆனால் சில மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை; நீர் கசிந்தது, ரத்தம் உறைந்தது. 2018-ல் டெக்சாஸில் ஜோன் நிக்கல்ஸ் குழு பன்றிகளில் செய்தது. ஒவ்வொரு நுரையீரலையும் 30 நாட்கள் குடுவையில் வளர்த்துப் பொருத்தினார்கள். இரண்டு வாரத்திலேயே அதற்குள் ரத்தக் குழாய் வலை உருவாகியிருந்தது. ஒரு பன்றியை இரண்டு மாதம் வரை வைத்துப் பார்த்தார்கள். உடல் அந்த நுரையீரலை நிராகரிக்கவில்லை. ஆனால் அந்த விலங்குகள் உயிரோடு இருந்தது தங்கள் மற்றொரு பக்கத்துச் சொந்த நுரையீரலால்தான். புதியது ஆக்சிஜன் தரும் வேலையை ஏற்கும் நிலைக்கு வரவில்லை. வீடியோவில் இந்த ஒரு வரியை விட்டுவிட்டார்கள்.

ஸ்டெம் செல் என்றால் என்ன? டாக்டர் சொன்னது புரியவில்லை.

தமிழில் அதைக் குருத்தணு என்கிறார்கள். பனையோடு வளர்ந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. பனையின் உச்சியில் இருக்கும் ஒரே குருத்திலிருந்துதான் ஓலை, மட்டை, பாளை எல்லாம் வருகின்றன. முற்றிய ஓலை ஓலையாகவே இருந்து காய்ந்து விழும். குருத்து மட்டும்தான் இன்னும் எதுவாகவும் ஆகாமல், எதுவாகவும் ஆகக்கூடியதாக இருக்கிறது.

நுரையீரலுக்குள்ளேயும் இத்தகைய அணுக்கள் உண்டு. மூச்சுக்குழாயின் உட்சுவருக்கு அடியில் அடித்தள அணுக்கள் இருக்கின்றன. மேலே இருப்பவை உதிர்ந்தால் இவை பெருகி இடத்தை நிரப்பும். காற்று நுண்ணறைகளில், அதாவது மூச்சுக்காற்று போய்ச் சேரும் கடைசிக் குமிழ்களில், ‘இரண்டாம் வகை’ என்று அழைக்கப்படும் அணுக்கள் இருக்கின்றன. குமிழ் ஒட்டிப்போகாமல் காக்கும் வழவழப்பான திரவத்தைச் சுரப்பவை இவைதான். சுவரை மூடியிருக்கும் மெல்லிய முதல் வகை அணுக்கள் சேதமானால் அவற்றைப் புதிதாக உண்டாக்குபவையும் இவையே.

கருவைச் சிதைத்துத்தானே இதை எடுக்கிறார்கள்? அது பாவமில்லையா?

கீழக்கரையில் ஒரு பெரியவரும் தங்கச்சிமடத்தில் ஓர் அருட்சகோதரியும் ஒரே கேள்வியை ஒரே கவலையோடு கேட்டார்கள். இருவருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன்.

1998-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் தாம்சன் முதன்முதலாக மனிதக் கருவிலிருந்து குருத்தணுக்களைப் பிரித்து வளர்த்தார். அவை குழந்தைப்பேற்றுக்கான சோதனைக்குழாய்ச் சிகிச்சையில் எஞ்சிய, சில நாட்களே ஆன கருக்கள். பெற்றோர் ஒப்புதலோடு கொடுக்கப்பட்டவை. ஆனாலும் மனம் உறுத்தியவர்கள் பலர். அந்த உறுத்தலை நான் மதிக்கிறேன். 2006-ல் ஜப்பானின் ஷின்யா யமனகா வேறொரு கதவைத் திறந்தார். எலியின் தோல் அணுவுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, முற்றிய அணுவைக் குருத்தணுவாகவே பின்னோக்கித் திருப்பிவிட்டார். அடுத்த ஆண்டே மனிதத் தோலிலும் அதைச் செய்து காட்டினார். காய்ந்த ஓலையை மறுபடி குருத்தாக்குவதற்குச் சமம் இது. பனையில் நடக்காது, அணுவில் நடந்தது. 2012-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று நுரையீரல் திசு வளர்க்கும் ஆய்வுகளில் பெரும்பகுதி இந்த வழியில் போகிறது. நோயாளியின் சொந்தத் தோலோ ரத்தமோ போதும். சொந்த அணு என்பதால் உடல் அதை அந்நியனாக நினைத்துத் தாக்கும் ஆபத்தும் குறையும் என்பதுதான் இதன் பெரிய நம்பிக்கை.

அப்படியானால் ஏன் இன்னும் ஒரு முழு நுரையீரலைச் செய்ய முடியவில்லை?

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மற்ற எல்லாப் பதில்களும் இதில்தான் நிற்கின்றன.

ஒரு மனிதருடைய இரண்டு நுரையீரல்களிலும் 30 முதல் 50 கோடி வரை காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. அவற்றின் உட்சுவரை எல்லாம் விரித்துப் போட்டால் சுமார் 70 சதுர மீட்டர், அதாவது எழுநூற்றைம்பது சதுர அடி வீட்டின் தரை. அந்தத் தரை முழுவதும் ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் ரத்தம். நடுவில் இருக்கும் சுவரின் தடிமன் பல இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்கு மேல் தடித்தால் ஆக்சிஜன் கடக்காது. ஓர் இடத்தில் கிழிந்தால் ரத்தத்திலுள்ள நீர் காற்றறைக்குள் இறங்கிவிடும். கரையில் இருந்தபடியே மூழ்குவது போன்றது அது. பிறந்தது முதல் சாகும்வரை, நாளொன்றுக்கு இருபதாயிரம் தடவை இந்தச் சுவர் விரிந்து சுருங்க வேண்டும்.

இதைக் கட்டியிருப்பது நாற்பதுக்கும் மேற்பட்ட வகை அணுக்கள். சளி சுரப்பவை, சளியை மேலே தள்ளும் நுண்மயிர் உள்ளவை, கிருமியை விழுங்குபவை, ரத்தக் குழாய்க்கு உள்தளம் போடுபவை என்று ஒவ்வொன்றும் தன் இடத்தில் இருந்தாக வேண்டும். இரண்டாம் வகை அணுக்களைக் குருத்தணுவிலிருந்து உருவாக்கப் பாஸ்டனில் டாரல் காட்டன் குழு போன்றவர்கள் நன்றாகக் கற்றுவிட்டார்கள். ஆனால் அணுக்களைப் பெருக்குவது ஒரு வேலை, அவற்றை முறையாகக் குடியமர்த்துவது முற்றிலும் வேறு வேலை.

கூட்டையே புதிதாக அச்சடிக்கும் முயற்சியும் நடக்கிறது. மார்ட்டின் ராத்பிளாட் நடத்தும் யுனைடெட் தெரபியூட்டிக்ஸ் நிறுவனம், 3டி சிஸ்டம்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2022-ல் ஒரு நுரையீரல் கூட்டை அச்சடித்துக் காட்டியது: 4,000 கிலோமீட்டர் நீள நுண்குழாய்கள், 20 கோடி நுண்ணறைகள். ராத்பிளாட்டின் மகளுக்கு நுரையீரல் ரத்த அழுத்த நோய். மகளைக் காப்பாற்றத்தான் அவர் அந்த நிறுவனத்தையே தொடங்கினார். ஒரு தாயின் அவசரம் அதில் இருப்பதாலோ என்னவோ, இந்தச் செய்தியை நான் விடாமல் தேடிப் படிக்கிறேன். ஆனாலும் அச்சடித்தது வெறும் கூடுதான். அதில் உயிரணுக்களைக் குடியேற்றி ரத்தம் கசியாமல் ஓடவிடுகிற வேலை அப்படியே மிச்சமிருக்கிறது.

முழு நுரையீரல் வேண்டாம். நல்ல அணுக்களை மட்டும் உள்ளே விட்டால் கெட்டுப்போனது சரியாகாதா? எங்கள் வீட்டில் கரிமூட்டத்தில் வேலை செய்தே நெஞ்சு போய்விட்டது.

சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டு, நாட்கணக்கில் புகையோடு காத்திருந்து, பிறகு மூட்டம் பிரித்துக் கரித்தூளோடு மூட்டை கட்டுகிறவர்கள் நம் மாவட்டத்தில் எத்தனை பேர்! விடிலிக்குள் உட்கார்ந்து பதநீர் காய்ச்சுகிற பெண்கள் எத்தனை பேர்! பீடியே தொடாத பெண்களுக்குச் சிஓபிடி என்னும் நாள்பட்ட மூச்சடைப்பு நோய் வருவது பெரும்பாலும் இத்தகைய புகையால்தான். 2016-ல் இந்தியாவில் இந்த நோயோடு இருந்தவர்கள் ஐந்தரைக் கோடி பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

உங்கள் கேள்வி ஆராய்ச்சியாளர்களுடைய கேள்வியும்தான். சீனாவில் ஒரு குழு, சிஓபிடி நோயாளிகளின் சொந்த மூச்சுக்குழாயிலிருந்து சிறு தூரிகையால் அடித்தள அணுக்களை எடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி, அவரவர் நுரையீரலுக்கே திருப்பி விட்டது. சிகிச்சை பெற்றவர்கள் 17 பேர். ஆக்சிஜன் ரத்தத்துக்குக் கடக்கும் திறன், இயல்பான அளவில் சுமார் 30 சதவீதம் இருந்தது ஆறு மாதத்தில் சுமார் 40 சதவீதமாக உயர்ந்தது. படித்தபோது எனக்குக் கண் நிறைந்தது. ஆனால் 17 பேர் என்பது ஒரு படகுத் துறையில் நிற்கும் கூட்டம்கூட இல்லை. முதல் கட்டச் சோதனையின் நோக்கமே ஆபத்து உண்டா என்று பார்ப்பதுதான். நூற்றுக்கணக்கானவர்களிடம், சிகிச்சை பெறாத இணையான ஒரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் இது மருந்தா இல்லையா என்று சொல்ல முடியும்.

இன்னொரு தடையும் இருக்கிறது. நோய் முற்றியவர்களுக்கு நுண்ணறைகளின் சுவர்களே உடைந்து, பல சிறு அறைகள் சேர்ந்து ஒரு பெரிய பொந்தாகிவிடுகின்றன. கைமரமும் வரிச்சும் இல்லாத வீட்டுக்குக் கீற்று எப்படி மேய்வது? அணுக்கள் உட்கார இழைக்கூடு வேண்டும். கூடு பாதியாவது மிச்சமிருக்கிறவர்களுக்கே இந்த வழி முதலில் உதவக்கூடும்.

நகரத்தில் ஓர் இடத்தில் வயிற்றுக் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து ஊசி போடுகிறார்கள். மூன்று லட்சம் கேட்கிறார்கள். போகலாமா, அக்கா?

போகாதீர்கள். இதை நான் கேள்விப்பட்டதை வைத்துச் சொல்லவில்லை.

என் அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் பதநீர் காய்ச்சியவர். அவருக்கு மூச்சு மிகவும் குறைந்த ஆண்டில் நான் வெளியூரில் வேலையில் இருந்தேன். அண்ணனும் மதினியும் ஒரு விளம்பரத்தைப் பார்த்து ஒரு மையத்துக்கு அழைத்துப் போனார்கள். மதினியின் தாலிக்கொடி தவிர்த்த நகை அனைத்தும் அடகுக் கடைக்குப் போனது. வயிற்றில் கீறிக் கொழுப்பு எடுத்து, இரண்டு மணி நேரத்தில் கையில் ஊசியாக ஏற்றினார்கள். ‘மூன்று மாதத்தில் ஓடுவார்கள்’ என்றார்கள். ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. மூன்று மாதம் கழித்து ஊதிப் பார்க்கும் சோதனையில் ஓர் அணு அளவும் மாற்றம் இல்லை. கேட்டபோது ‘இன்னொரு டோஸ் வேண்டும்’ என்றார்கள். நான் அருகில் இருந்திருந்தால் தடுத்திருப்பேன் என்ற எண்ணம் இன்றும் தொண்டையில் நிற்கிறது. அதனால்தான் இந்தப் பதிலை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது. ரத்த நோய்களுக்குச் செய்யப்படும் ரத்தக் குருத்தணு மாற்றுச் சிகிச்சைதான் ஏற்றுக்கொள்ளப்பட்டது. மற்றவை எல்லாம் ஆராய்ச்சி; அனுமதி பெற்ற மருத்துவப் பரிசோதனைக்குள் மட்டுமே செய்யலாம். பரிசோதனை என்றால் அந்த மருந்துக்காக உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. அதற்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்க வேண்டும். இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில், அதாவது சிடிஆர்ஐ-யில் எண் இருக்க வேண்டும். உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். பரிசோதனையால் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சை தர வேண்டும். ‘உங்கள் சிடிஆர்ஐ எண் என்ன?’ என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு அங்கேயே மாறும்.

எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுக்கும் ஒருவகைக் குருத்தணுவைச் சிஓபிடிக்கு ஊசியாகப் போட்டு அமெரிக்காவில் முறையாகவே சோதித்திருக்கிறார்கள். 62 பேர், இரண்டு ஆண்டுக் கண்காணிப்பு, 2013-ல் முடிவு வெளியானது. தீங்கு இல்லை, நுரையீரல் திறனிலும் முன்னேற்றம் இல்லை. மூன்று லட்சம் கேட்பவர்கள் இந்த முடிவைச் சொல்வதில்லை.

பெரிய வெளிநாட்டு டாக்டர், பெரிய ஆஸ்பத்திரி என்றால் நம்பலாம்தானே?

பாவ்லோ மக்கியாரினி என்ற அறுவை மருத்துவர், குருத்தணு பூசிய பிளாஸ்டிக் மூச்சுக்குழாயை நோயாளிகளுக்குப் பொருத்தி உலகப் புகழ் பெற்றார். 2011-ல் அதை அவர் தொடங்கியது ஸ்வீடனில், நோபல் மருத்துவப் பரிசைத் தேர்வு செய்யும் கரோலின்ஸ்கா நிறுவனத்தோடு இணைந்த மருத்துவமனையில். அங்கே பொருத்தப்பட்ட மூவரும் இறந்துபோனார்கள். சக மருத்துவர்கள் நால்வர் உண்மையை வெளிக்கொண்டு வந்தார்கள். 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. விலங்குகளில் ஒழுங்காகச் சோதிக்காமலே மனிதருக்கு வைத்ததுதான் பெரிய குற்றம். நிக்லசனும் நிக்கல்ஸும் எலி, பன்றி என்று ஆண்டுக்கணக்கில் ஏன் அங்கேயே நிற்கிறார்கள் என்று எரிச்சலோடு கேட்கிறவர்களுக்கு இந்த மூன்று பேரை நினைவுபடுத்துவேன்.

பன்றியின் நுரையீரலையா மனிதனுக்கு வைக்கப் போகிறார்கள்?

இரண்டு வெவ்வேறு முயற்சிகளைச் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று, பன்றி நுரையீரலின் அணுக்களை எல்லாம் கழுவி, கூட்டில் மனித அணுக்களை விதைப்பது. மற்றொன்று, மரபணு திருத்திய பன்றியின் நுரையீரலை அப்படியே பொருத்துவது. இந்த இரண்டாவதை 2025-ல் சீனாவின் குவாங்சோ மருத்துவர்கள், மூளைச்சாவு அடைந்த ஒருவரிடம் குடும்பத்தின் ஒப்புதலோடு செய்து பார்த்ததாக அறிவித்தார்கள். ஒன்பது நாட்கள் இயங்கியது, ஆனால் நிராகரிப்பின் அறிகுறிகள் தென்பட்டன. உயிர் காக்க இதை ஏற்கலாமா என்பது அவரவர் மார்க்க அறிஞர்களிடம் கேட்க வேண்டியது. என் வேலை அவர்களுக்குச் சரியான தகவலைத் தருவது மட்டும். அச்சடித்த கூடு வெற்றி பெற்றால் இந்தக் கேள்விக்கே அவசியம் இருக்காது.

பேரப்பிள்ளைக்குத் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைத்தால் பின்னால் நுரையீரலுக்கு ஆகும் என்கிறார்களே?

ஆகாது. அதில் இருப்பவை முக்கியமாக ரத்தத்தை உண்டாக்கும் குருத்தணுக்கள். பிற்காலத்தில் தனக்கே பயன்படும் என்று தனியாரிடம் பணம் கட்டிச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலே சொல்லியிருக்கிறது. வளைகுடாவில் வெயிலில் நின்று சம்பாதித்து அனுப்பும் பணத்துக்கு வேறு நல்ல செலவுகள் இருக்கின்றன.

டிபி குணமாகிவிட்டது. ஆனாலும் மூச்சு வாங்குகிறது. இதற்கு வழி வருமா?

கிருமி செத்துவிட்டாலும் அது விட்டுச்சென்ற தழும்பு நுரையீரலில் இருக்கிறது. அந்தப் பகுதி விரியாது. தழும்பாகிப் போன இடத்தை அணு விதைத்து மீட்பது, உடைந்த சுவரை மீட்பதைவிடச் சுலபமில்லை. முதலில் சளியை மறுபடி சோதித்து, டிபி திரும்பவில்லை என்பதை உறுதி செய்யுங்கள். பிறகு ஊதிப் பார்க்கும் சோதனை எடுங்கள். ‘டிபி போனதும் எல்லாம் முடிந்தது’ என்று கார்டை மூடி வைத்துவிடுகிறோம். அப்படி விடப்பட்டவர்களை ஒவ்வொரு முகாமிலும் பார்க்கிறேன்.

இத்தனை ஆண்டு ஆராய்ச்சியில் நமக்குக் கிடைத்தது ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது, அதுவும் நிறைய. முழு நுரையீரல் வரவில்லையே என்கிற ஏக்கத்தில் இதைக் கவனிக்காமல் விடுகிறோம்.

குருத்தணுக்களை ஜெல் போன்ற ஒரு பொருளில் வளர்த்தால் அவை தாமாகவே கூடி, கண்ணுக்கு ஒரு புள்ளியாகத் தெரியும் குட்டி நுரையீரல் உருண்டைகளாகின்றன. 2015-ல் மிச்சிகனில் ஜேசன் ஸ்பென்ஸ் குழு இப்படி உருவாக்கியது. கொரோனா வந்த 2020-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் புருஷோத்தம ராவ் டாட்டா குழு, காற்று நுண்ணறையின் இரண்டாம் வகை அணுக்களை இத்தகைய உருண்டைகளாக வளர்த்து, வைரஸ் அவற்றைப் பிடிக்கும் விதத்தை நேரடியாகப் பார்த்தது. நோயாளியைத் தொடாமலே அவருடைய அணுவில் மருந்தைச் சோதிக்கலாம். 2010-ல் ஹார்வர்டில் டொனால்ட் இங்பர் குழு, கட்டைவிரல் அளவுச் சில்லுக்குள் ஒரு பக்கம் காற்றும் மறுபக்கம் திரவமுமாக, மூச்சு விடுவதுபோல விரிந்து சுருங்கும் நுண்ணறைச் சுவரையே செய்து காட்டியது. கரிமூட்டப் புகை ஒரு பெண்ணின் நுண்ணறைச் சுவரை எப்படி அரிக்கிறது என்பதை அணு அணுவாகப் பார்க்கவும் இக்கருவிகளால் முடியும். நம் ஊர்ப் புகையை வைத்து யாராவது அந்த ஆய்வைச் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கடல் காற்று நுரையீரலுக்கு நல்லதுதானே?

கச்சானும் கொண்டலும் புகையைக் கலைத்துவிடுவது நல்லது. அதற்கு மேல் அதில் மருந்து இல்லை.

நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை இங்கேயே இருக்கிறதாமே?

ஆமாம், சென்னையில் நடக்கிறது. உலகில் முதல் முயற்சி 1963-ல் மிசிசிப்பியில் நடந்தது. நோயாளி 18 நாட்கள் வாழ்ந்தார். நீடித்த வெற்றி 1983-ல் டொராண்டோவில்தான் கிடைத்தது. இன்று பொருத்திக்கொண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஆறு ஆண்டுகள் தாண்டுகிறார்கள். மற்ற உறுப்புகளைவிட இது குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் வெளிக்காற்றும் கிருமியும் நேராகப் போய்ச் சேரும் உறுப்பு இது. நிராகரிப்பைத் தடுக்க ஆயுள் முழுவதும் மருந்து வேண்டும். தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் வழியே பதிவு செய்து காத்திருக்க வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் எந்த அளவு கிடைக்கும் என்று முதலில் கேட்டுவிடுங்கள். கொடையாளர் நுரையீரல் போதாமல் இருப்பதால்தான் ஆய்வகத்தில் வளர்க்கும் முயற்சியே தொடங்கியது. உறுப்புக் கொடை கொடுத்துச் செல்பவருக்கு 2023 முதல் அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடக்கிறது. துக்க வீட்டில் இதைப் பேசத் தைரியம் வேண்டும். சிலர் பேசியிருக்கிறார்கள், அவர்களால் சிலர் மூச்சு விடுகிறார்கள்.

அதுவரை நாங்கள் என்ன செய்வது?

உங்கள் இன்ஹேலரை எடுத்து வந்து என் முன்னால் ஒரு தடவை அடித்துக் காட்டுங்கள் என்று கேட்பேன். பத்தில் ஏழெட்டுப் பேர் தவறாக அடிக்கிறார்கள். மருந்து நாக்கில் பட்டுத் தொண்டையோடு நின்றுவிடுகிறது. ‘பஃப் கேட்கவில்லை’ என்கிறார்கள். நன்றாகக் குலுக்க வேண்டும். முதலில் மூச்சை முழுக்க வெளியே விட வேண்டும். வாயில் வைத்து, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போது அழுத்தி, இழுத்து முடித்துப் பத்து எண்ணும் வரை அடக்க வேண்டும். ஸ்டீராய்டு கலந்தது என்றால் வாய் கொப்பளிக்க வேண்டும். கை, மூச்சு இரண்டும் ஒத்துவராத முதியவர்களுக்கு ஸ்பேசர் என்னும் பிளாஸ்டிக் குடுவை உதவும். வாங்க வசதியில்லை என்றால் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் துளையிட்டுச் செய்வதும் குழந்தைகளுக்கு அதே பலன் தந்ததாகத் தென்னாப்பிரிக்காவில் சோதித்திருக்கிறார்கள். தெரிந்த செவிலியரிடம் கேட்டுச் செய்யுங்கள். இன்ஹேலர் அடிமையாக்கிவிடும் என்ற பேச்சை நம்பாதீர்கள். மூக்குக் கண்ணாடிக்கு யாராவது அடிமையாகிறார்களா?

புகையிலிருந்து நகருங்கள் என்று சொல்வது எனக்குச் சுலபம், செய்வது உங்களுக்குக் கடினம். பருவத்தில் காய்ச்சாவிட்டால் ஆண்டு முழுவதும் அடுப்பு எரியாது என்பது எனக்குத் தெரியும். ஆகையால் குறைக்கும் வழியைத்தான் சொல்கிறேன். விடிலிக்கு எதிரெதிராக இரண்டு வாசல் விடுங்கள். புகைபோக்கி வைத்த அடுப்பு கட்டுங்கள். பச்சை மட்டையை எரிக்காதீர்கள். ஒருவரே நாள் முழுவதும் பதநீர் கொதிக்கும் தாச்சியருகில் இருக்காமல் முறை மாற்றிக்கொள்ளுங்கள். மூட்டம் பிரிக்கும் நாளில் முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு திருப்தி அடையாதீர்கள். நுண்துகள் அதைக் கடந்துவிடும், என்95 முகக்கவசம்தான் ஓரளவு தடுக்கும்.

மூச்சு வாங்கும்போது மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, சூடான தேநீரை ஆற்றுவதுபோல நிதானமாக ஊதி வெளியே விடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை போடும் ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ராமநாதபுரத்திலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊதிப் பார்க்கும் சோதனைக்கு மதுரை வரை போவதற்கு முன் அங்கே விசாரியுங்கள். உதடு நீலம் பாய்ந்தாலோ, ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினாலோ காலை வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

உங்கள் அம்மா இப்போது எப்படி இருக்கிறார்?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். நகையை மூன்று ஆண்டுகளில் மீட்டோம். அம்மாவின் நுரையீரல் மீளவில்லை. ஆனால் காலையும் மாலையும் முறையாக இன்ஹேலர், இரவில் ஆக்சிஜன், தினமும் கொஞ்சம் நடை. வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் போவதற்குள் ஐந்து இடத்தில் நின்றவர் இப்போது இரண்டு இடத்தில் நிற்கிறார். பருவத்தில் மதினிதான் காய்ச்சுகிறார், புகைபோக்கி வைத்த அடுப்பில். அம்மா காற்றுக்கு மேல்புறம், வேம்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பதநீர் காய்ந்து பாகாகி வரும் கூப்பனியின் மணம் பதத்துக்கு வந்ததும் அங்கிருந்தே ‘இறக்கு’ என்று குரல் கொடுப்பார். அந்த ஒரு சொல்லுக்கு இப்போது மூச்சு போதுகிறது.